கீழ் மூட்டையில் ஓர் எலிப்பல்

மூன்று மூட்டை மண்ணோடு நான் கண்டியில் திருகோணமலை பஸ் ஏறினேன். கம்பஸில் ஊழியர் போராட்டம். விடுதியை மூடிவிட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இறுதி ஆண்டு ஆய்வு மட்டும் எந்தப் போராட்டத்துக்கும் நிற்காது. அதனால் புவிச்சரிதவியல் துறையின் பழைய நுணுக்குக்காட்டி ஒன்றைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூட்டைகளைப் பஸ்ஸின் பின்பெட்டியில் ஏற்றினேன். கண்டக்டர் அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி இது, சீமெந்தா?"

"மண் அண்ணன்."

"மண்ணா? ஏன், திருகோணமலையில மண் முடிஞ்சு போச்சா?"

பஸ்ஸே சிரித்தது. அது இமயமலை அடிவாரத்து மண் என்றும், உள்ளே ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய எலிப்பற்கள் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தால் என்னை இடையில் எங்காவது இறக்கியிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். கப்பல்துறை தாண்டும்வரை அவர் என்னை "மண் தம்பி" என்றுதான் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். எனக்கு ஆய்வு பார்க்கும் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. அவவின் சிநேகிதர் ஒருவர் அந்த அடிவாரத்தில் இரண்டு ஓடைகளிலிருந்து மண் எடுத்து அனுப்பியிருந்தார். முதல் ஓடையின் கரையில் அடியிலிருந்து ஒரு மூட்டை, உச்சியிலிருந்து ஒரு மூட்டை; அடி மண் பழையது, உச்சி மண் பிந்தியது. இரண்டாவது ஓடை வேறொரு பள்ளத்தாக்கில். அங்கிருந்து ஒரு மூட்டை. நான் மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: கீழ், மேல், மற்றது. என் வேலை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. "மற்றது" எந்தக் காலத்து மண்? கீழுக்குச் சோடியா, மேலுக்குச் சோடியா?

வீட்டில் இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. பாறையில் தேதி எழுதியிருக்காது என்பதையே அம்மா நம்பவில்லை. அப்படியென்றால் ரீவியில் கோடி, இலட்சம் என்று சொல்கிறார்களே, அது எப்படி என்றார். நியாயமான கேள்வி. எரிமலைச் சாம்பல் கிடைத்தால் அதை அளந்து ஆண்டுக்கணக்குச் சொல்லலாம். ஆனால் எல்லா ஓடையிலும் சாம்பல் கிடைக்காது. மண் மட்டும்தான் கிடைக்கும், மண்ணோ பெரிய பொய்யன். சிவப்புக் களி, மேலே மணல், அதற்கு மேலே திரும்பவும் சிவப்புக் களி. பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் அதே சிவப்பு, அதே மணல். ஆறு நேற்றும் அந்த மண்ணைப் போட்டது, பத்து இலட்சம் ஆண்டுக்கு முன்பும் அதையேதான் போட்டது. நிறத்தைப் பார்த்துச் சோடி சேர்த்தால் தொலைந்தோம்.

விலங்கு அப்படி ஏமாற்றாது. ஓர் இனம் ஒருமுறைதான் தோன்றும். பரவும், மாறும், அழியும். போனால் போனதுதான், அச்சு அசலாய் அதே விலங்கு இரண்டாம் தடவை இந்தப் பூமிக்கு வந்ததில்லை. ஆகவே இரண்டு இடத்து மண்ணில் ஒரே வகை விலங்குகள் கூட்டமாகக் கிடந்தால், அந்த இரண்டு மண்ணும் ஒரே காலத்தில் படிந்தவை என்று துணிந்து சொல்லலாம். கடல் மண்ணுக்குச் சிப்பியும் சங்கும் மணிக்கூடு. தரையில், ஆற்று மண்ணில், முலையூட்டிகள்தான் மணிக்கூடு. அவற்றில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது பல். யானைப்பல் கிடைப்பது அதிர்ஷ்டம். எலிப்பல் கிடைப்பது கிட்டத்தட்ட உறுதி, ஏனென்றால் எலிகள் அன்றும் இன்று மாதிரித்தான்: ஏராளம், கெதியாகப் பெருகும், கெதியாக மாறும்.

ஒவ்வொரு கண்டத்துக்கும் இப்படி ஒரு முலையூட்டிக் காலப்பட்டியல் இருக்கிறது. இந்த விலங்கு வந்ததிலிருந்து அந்த விலங்கு வரும்வரை ஒரு காலம், அதற்குப் பிறகு அடுத்தது. மூன்று விரல் குதிரை ஒன்று வட அமெரிக்காவில் பிறந்து, கடல் மட்டம் இறங்கியபோது வடக்கே நிலப்பாலத்தால் ஆசியாவுக்கு நடந்து வந்தது. அது எங்கள் பக்கத்து மண்ணில் முதன்முதலாகத் தலைகாட்டும் மட்டத்தில், அமெரிக்காவின் பட்டியலையும் ஆசியாவின் பட்டியலையும் ஒன்றோடொன்று கோர்க்கலாம். முதலாம் ஆண்டில் இதைக் கேட்ட அன்றைக்கு நான் பகல் சாப்பாட்டை மறந்தேன். சும்மா மேய்ந்துகொண்டே வந்த ஒரு குதிரை, தனக்குத் தெரியாமலே இரண்டு கண்டங்களின் மணிக்கூடுகளைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது!

சரி, வீட்டுக்கு வருவோம்.

எங்கள் வீடு கோட்டைக்குக் கிட்ட. பின்வளவில் கிணறு, கொடி, ஒரு முருங்கை. களிமண்ணைக் கரைக்க ஒரு வழி இருக்கிறது: வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு தண்ணீர் ஊற்றினால் கட்டிகள் தாமாகவே குலைந்து சேறாகும். அந்தச் சேற்றை மெல்லிய வலையில் கழுவினால் சேறு போய்விடும், பல்லும் எலும்பும் மணலும் மிஞ்சும். முதல் நாளே வளவு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அம்மா குசினி யன்னலால் தலையை நீட்டினார்.

"தம்பி, எலிப்பல்லுப் பொறுக்கவோ உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினனாங்கள்?"

"ஓம் அம்மா. டொக்டருக்குப் படிச்சாலும் பல்லுத்தானே பாத்திருப்பன்."

"பல் டொக்டர் கதிரையில இருந்து பாப்பான். நீ சேத்துக்குள்ள நிண்டு பாக்கிறாய்."

வலை மிஸ் தந்தது, ஒரே ஒரு துண்டு. அதை மரச்சட்டத்தில் அடிக்கச் சொன்னார். சட்டம் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை. அக்காவிடம் கொடுத்து, தலையணை உறை மாதிரித் தைத்துத் தா என்றேன். அக்கா கல்யாண பிளவுஸுகளுக்கு ஆரி வேலை செய்பவள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி ஊசியால் மணியும் கல்லும் கோர்த்துப் பூப்போடும் வேலை. ஒரு மணித்தியாலத்தில் தைத்துத் தந்தாள். நூல் பிரியாமல் ஓரங்களை இரண்டாய் மடித்துத் தைத்திருந்தாள். அவ்வளவு உறுதி, அவ்வளவு வடிவு. நாங்கள் இருவரும் பெருமைப்பட்டோம்.

ஒரு மூட்டை கழுவிய வலையில் அடுத்ததைக் கழுவுவதற்கு முன்னால் வலையை நீலச்சாயத்தில் தோய்க்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. வலைக்கண்ணில் முந்திய மூட்டையின் பல் ஏதும் சிக்கி நின்றால் அது நீலமாகிவிடும். பிறகு அது எந்த மூட்டைக்குள் விழுந்தாலும், இது வந்தேறி என்று நிறமே காட்டிக் கொடுக்கும். அந்தச் சாயத்துக்கு எங்கே போவது என்று யோசித்தால், வண்ணமீன் கடையில் இருக்கிறது. மீன்தொட்டியில் மீனுக்கு வருத்தம் வந்தால் விடும் அதே மருந்து. கடை வைத்திருப்பவன் கிண்ணியாக்காரன், பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன்.

"என்ன மச்சான், மீன் வளக்கிறியா?"

"இல்லடா, எலிப்பல்லுக்கு."

"எலிக்குப் பல்லுவலியா?" போத்தலை எடுத்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "டேய், படிப்பு உன்னக் கொண்டு போயிட்டு. வீட்டுல தெரியுமா?"

முதலில் மேலைக் கழுவினேன், பிறகு மற்றது, கடைசியாகக் கீழ். ஒவ்வொன்றுக்கும் இடையில் வலைப்பையை நீலத்தில் தோய்த்து, வாளித் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் குத்தித் தொங்கவிட்டேன். கச்சான் காற்று அரை மணிக்குள் காயவைத்துவிடும். எல்லாம் முறைப்படிதான். அப்படித்தான் நினைத்தேன். கீழ் மூட்டையில் பாதியை மட்டும் கழுவிவிட்டு மிச்சத்தைக் கட்டி வைத்தேன். அது முன்யோசனை இல்லை, கைவலி.

பொறுக்குவது இன்னொரு உலகம். கழுவிய மணலைக் கறுப்புத் தட்டில் ஒரு சிட்டிகை பரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழ், ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு மணியாகத் தள்ள வேண்டும். மணல், மணல், மீன்முள், மணல், ஓட்டுத்துண்டு, மணல். முதல் நாள் முழுக்க எனக்கு இரண்டு பல். அக்கா பின்னால் நின்று பார்த்து, "தள்ளு" என்றாள். அவள் கண் மணி பொறுக்கிப் பழகிய கண். ஒரு பின்னேரத்துக்குள் என்னை வெட்கப்படுத்திவிட்டாள். அன்றிலிருந்து காலையில் பிளவுஸ், பின்னேரம் எலிப்பல் என்று அவளுக்கு இரண்டு வேலை.

அக்கா முதன்முதலில் கண்டுபிடித்த கடைவாய்ப்பல்லை நான் மறக்கமாட்டேன். கடுகளவுதான் இருக்கும். கண்ணுக்கு ஒரு தூசி. நுணுக்குக்காட்டியில் அது மேடும் பள்ளமுமாக ஒரு தேசமாய் எழுந்து நின்றது. ஒரு பக்கத்து மேடுகள் தேய்ந்து வழுவழுவென்று மின்னின.

"இது ஏன்டா இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சு கிடக்கு?"

"சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தேஞ்சது."

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. "என்னத்தையோ கடிச்சிருக்கு என்ன? ஒரு நாள் காலம எழும்பி, ஏதோ ஒரு விதையை எடுத்து..." நிறுத்திவிட்டாள். பிறகு ஏதோ கோயிலில் கதைப்பது மாதிரி மெதுவாக, "அப்ப மனிசர் இல்லை என்ன?" என்றாள்.

"மனிசரும் இல்லை, மனிசரைப் போல எதுவும் இல்லை."

"அப்ப ஒருத்தரும் பாக்கேல்ல. முதல்ல பாக்கிறது நான்."

நான் ஏதோ நக்கலடிக்க வாயெடுத்தேன். வரவில்லை. நுணுக்குக்காட்டியில் நானும் இன்னொருமுறை குனிந்து பார்த்தேன்.

பற்கள் சேரச் சேர ஒழுங்கு தெரிந்தது. அந்த எலிகளின் மேல் கடைவாய்ப்பல்லில் மேடுகள் வரிசையாக இருக்கும். பழைய எலியில் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மேடுகள் சேர்ந்து நிற்க, உட்பக்கத்து மூன்றாவது மேடு குட்டையாய், பின்தங்கி, தனியே நிற்கும். காலம் போகப்போக அந்த மூன்றாவது மேடு முன்னேறி மற்ற இரண்டோடும் கைகோர்த்து ஒரு வளைவாகிவிடும். அதுதான் புது எலி. இன்றைக்கு எங்கள் கூரையில் ஓடுகிற எலிக்கும் அதே மூன்று மேட்டு வளைவுதான். மேல் மூட்டை முழுக்கப் புது எலி. மற்றது மூட்டையிலும் புது எலி. கீழ் மூட்டையில் எல்லாம் பழைய எலி. ஆக, மற்றது மேலுக்குச் சோடி. முடிந்தது கதை. ஒரு பள்ளத்தாக்கில் மழை பெய்து எலி நனைந்தபோது, மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் அதன் சொந்தக்காரர்கள் ஓடித் திரிந்திருக்கிறார்கள். அதை நான் திருகோணமலையில் ஒரு முருங்கைக்குக் கீழே இருந்து சொல்கிறேன். தலை சுற்றாதா?

ஆனால் கதை முடியவில்லை. கீழ் மூட்டையின் கடைசித் தட்டில், அறைக்குள் மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், நான் ஒரு பல்லைப் புரட்டினேன். மூன்று மேடுகள். கைகோர்த்து. அழகான வளைவு.

கத்தினேன். அம்மா பாம்பு என்று நினைத்துத் தும்புத்தடியோடு ஓடி வந்தார்.

புது எலி கீழ் மண்ணில் இருக்கிறதென்றால், அது எல்லோரும் நினைத்ததைவிட முந்தியே தோன்றியிருக்கிறது. அந்த எலியின் வரவை வைத்துத்தான் அந்த மலையடிவாரம் முழுக்க ஒரு காலக்கோடு கீறியிருக்கிறார்கள். அந்தக் காலக்கோட்டைக் கீழே இறக்க வேண்டும். எத்தனையோ ஓடைகளின் கணக்கை மாற்ற வேண்டும். ஓர் எலிப்பல்! நான்! போனை நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்து மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மூச்சுவாங்க ஒரு வொய்ஸ் கட்டும் போட்டேன். பதில் பத்து நிமிஷத்தில் வந்தது.

"இது கீழ் மூட்டைதான் எண்டது உறுதியோ? உறுதியெண்டால் நாங்களே அங்க போய் அந்த அடி மண்ணில இன்னும் எடுக்கோணும். ஜனவரியில போகலாம். ஒரு மாணவரைக் கூட்டிக்கொண்டு போக ஏலும். நீர் வாரும்."

நீர் வாரும். அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்க வேண்டாம். நான் இந்த நாட்டைவிட்டு வெளியே போனதில்லை. அந்த ஓடையை, அந்தச் சிவப்புக் கரையை, கீழும் மேலும் ஒன்றின்மேல் ஒன்றாய் நிற்பதை என் கண்ணால் பார்க்கப் போகிறேன். "உறுதிதான் மிஸ்" என்று அனுப்பினேன். வண்ணமீன் கடைக்காரனுக்கு அழைத்துச் சொன்னேன். "எலி புடிச்சு பொரின் போறவன் நீ ஒருத்தன்தான்டா" என்றான். அது எனக்குப் பாராட்டாகவே கேட்டது.

அடுத்த நாள் காலை அக்கா அந்தப் பல்லை இன்னொருமுறை பார்க்க ஆசைப்பட்டு, நுணுக்குக்காட்டியை யன்னலோரம் இழுத்து வைத்தாள்.

"டேய். இது நீலமா இருக்கு."

"எங்க?"

"வேருக்குள்ள. இந்த ஓட்டைக்குள்ள. பகல் வெளிச்சத்தில பார்."

பார்த்தேன். வேர் உடைந்த இடத்தில், பள்ளத்துக்குள், மெல்லிய நீலம்.

"அது கனியுப்பு அக்கா, ஒரு தாது. மண்ணுக்குள்ள கிடந்தா எலும்பு நீலம் பிடிக்கும். அப்பிடி ஒரு சாமானே இருக்கு, படிச்சனான்."

"மற்றப் பல்லு ஒண்டும் நீலமா இல்லையே?"

"இது வேற."

அவள் எழுந்து போய்க் கொடியில் கிடந்த வலைப்பையை எடுத்து வந்தாள். உட்புறத்தை வெளியே திருப்பி, தையல் மடிப்பை நகத்தால் விரித்தாள். மடிப்புக்குள் ஒரு நீலக் கோடு, மணல் மணியாய். பையை நான் ஒருநாளும் உட்புறம் திருப்பி அலசியதில்லை.

"நான் ரெண்டு மடிப்பு வச்சுத் தைச்சனான்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பிளவுஸிலயும் இப்பிடித்தான், மணி எல்லாம் தையலுக்குள்ளதான் போய் ஒளிக்கும். எனக்கு அது தெரியும். நான் யோசிக்கேல்ல."

மேல் மூட்டையைக் கழுவும்போது ஒரு பல் அந்த மடிப்புக்குள் போய், நீலம் குடித்து, மற்றது மூட்டை முழுக்க ஒளிந்திருந்து, கீழ் மூட்டையில் கழன்று விழுந்திருக்கலாம். இருக்கலாம். கனியுப்பாகவும் இருக்கலாம். எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும் எப்படித் தெரியுமென்று. தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து வேரைத் தடவினால், சாயமென்றால் கரைந்து தூரிகையில் வரும். கனியுப்பென்றால் வராது. ஐந்து நிமிஷ வேலை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கோட்டை வாசலில் வழமைபோல மான்கள். ஒரு கொம்பன் யாரோ எறிந்த சோற்றுப்பார்சல் தாளைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. தாடை இடமும் வலமும் அரைக்க, எனக்கு அதன் பல்தான் தெரிந்தது. அந்த மலையடிவாரத்துக்கு மான் வம்சம் வந்ததே என் எலிகளுக்கு எத்தனையோ காலம் பிந்தி. இந்தக் கொம்பனும் ஒரு காலக்கோடுதான், தாள் தின்கிற காலக்கோடு. மேலே ஏறிப்போய்ப் பாறை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே கடல். இந்தப் பாறை, விலங்குகள் பல்லும் எலும்பும் வைக்கப் பழகுமுன்னரே பூமிக்குள் வெந்து இறுகியது. இதற்குள் பல் இல்லை. எவ்வளவு கொத்தினாலும் இது எந்த விலங்கின் பெயரையும் சொல்லாது. எவ்வளவு பெரிய மௌனம்! அதன் பக்கத்தில், கடுகளவு பற்களால் யாரோ பொறுமையாக, ஓடை ஓடையாக, வரிசை வரிசையாகக் காலத்துக்குப் படி வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஒருவன் "இது இந்த மண்ணில்தான் கிடந்தது" என்று சொன்ன சொல்லின் மேல் நிற்கிறது. வேறு ஆதாரம் இல்லை. பல்லைப் பார்த்தால் பல் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து எடுத்தது என்பது எடுத்தவனின் வாய்ச்சொல்.

அந்த எடுத்தவன் இப்போது நான்.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன். அக்கா பக்கத்தில் நின்றாள். தூரிகையை நனைத்து, வேர்ப்பள்ளத்தில் ஒருமுறை சுழற்றி, வெள்ளைத் தாளில் ஒற்றினேன்.

நீலம். சந்தேகமே இல்லாத நீலம், மீன்தொட்டி நீலம்.

இன்னொருமுறை தடவினேன். இன்னும் கொஞ்சம் வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பல் இப்போது சுத்தம். கபில நிறம், மினுமினுப்பு, கீழ் மூட்டையின் மற்றப் பற்களோடு வைத்தால் ஒருவராலும் பிரிக்க ஏலாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்துப் பார்த்த அதே கையால் சாட்சியையும் அழித்துவிட்டேன். நீலம் பட்ட தாள் மட்டும் மேசையில் கிடந்தது. அதைக் கசக்கி எறிந்தால் சரி.

அக்காவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "இப்ப ஒருத்தருக்கும் தெரியாது என்ன?" என்றாள். கேள்வியா, யோசனையா என்று விளங்கவில்லை.

"உனக்குத் தெரியும்."

"நான் சொல்லமாட்டன்." கொஞ்சம் பொறுத்து, "ஜனவரியில நீ போவாய்தானே," என்றாள்.

"போவன்."

"போய் அந்த இடத்தில கிண்டினா?"

கிண்டினால் ஒன்றும் வராது. வராவிட்டால் யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லமாட்டார்கள். அரிதாக இருக்கும், இன்னும் தேடுங்கள் என்பார்கள். அதுதான் பயங்கரம். இல்லாத எலியைத் தேடி எனக்குப் பின்னால் வருகிறவர்களும் கிண்டுவார்கள். வேறொரு பள்ளத்தாக்கில் ஒருத்தி புது எலியைக் கண்டெடுத்துவிட்டு, இது மேலா கீழா என்று என் அட்டவணையைப் பார்த்துத் தலையைச் சொறிவாள். ஒரு கோடி ஆண்டாக யாரும் கலைக்காமல் கிடந்த வரிசையை, கொடியில் காய்ந்த ஒரு தலையணை உறை கலைத்துவிடும்.

"விசர்க்கதை கதையாத," என்றேன். அவளுக்கல்ல, எனக்கே சொன்னது. மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன்.

மிஸ் இரண்டாவது மணியில் எடுத்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்: வலைப்பை, மடிப்பு, நீலம், ஸ்பிரிட், தாள். பேச்சு விழப்போகிறது என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"பை ஆர் தைச்சது?"

"அக்கா, மிஸ். ஆனா தைக்கச் சொன்னது நான். நீங்கள் சட்டத்தில அடிக்கச் சொன்னனீங்கள்."

"மூண்டு மூட்டைக்கு ஒரு வலைத்துண்டு தந்தது நான்." பெருமூச்சுக் கேட்டது. "அந்தத் தாளை எறியாதையும். தேதி போட்டு வையும். பல்லை மேல் மூட்டையிலும் சேர்க்க வேண்டாம், கீழிலும் வேண்டாம். வேற போத்தல்ல, வந்தேறி எண்டு எழுதி வையும். கீழ் மூட்டையில மிச்சம் கிடக்குதோ?"

"பாதி கிடக்கு மிஸ்."

"அதைக் கழுவும். புது வலையில. ஒவ்வொரு மணியாப் பாரும்." பிறகு, போனை வைக்கப் போகிறவர் மாதிரி, "ஜனவரிப் பயணத்துக்கு இப்ப காரணம் இல்லை, தம்பி. நான் மண் அனுப்பினவருக்குச் சொல்லிவிடுறன்," என்றார்.

"ஓம் மிஸ்."

போனை வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன். அழவில்லை என்று சொன்னால் அக்கா சிரிப்பாள், ஆகவே அதைப்பற்றி எழுதவில்லை. அம்மா ஒரு தேத்தண்ணி கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். அக்கா திரும்பவும் கொடியில் போட்டிருந்த வலைப்பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

புது வலை கண்டியிலிருந்து தபாலில் வந்தது. இந்தத் தடவை சட்டத்தில் அடித்தேன். மிச்சப் பாதி மூட்டையை ஊறவைத்து, கரைத்து, கழுவி, காயவைத்து, நானும் அக்காவும் நாள் நாளாய்ப் பொறுக்கினோம். முதலில் உள்ளுக்குள் ஒரு கள்ள ஆசை இருந்தது: ஒருவேளை உண்மையாகவே ஒன்று இருந்தால்? ஒவ்வொரு பல்லையும் புரட்டும்போது மேடுகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு மேடுகள் சேர்ந்து, மூன்றாவது தள்ளி. மீண்டும் அதே. மீண்டும் அதே. பிறகு எப்போதோ அந்த ஆசை கழன்றுவிட்டது, எப்போது என்று கவனிக்கவில்லை. பழைய எலிகளையே பார்க்கத் தொடங்கினேன். அந்தத் தனித்த மூன்றாவது மேடு ஒவ்வொரு பல்லிலும் கொஞ்சம் வேறு மாதிரி. ஒன்றில் புள்ளி மாதிரி, ஒன்றில் சற்று உயரம், ஒன்றில் மற்ற இரண்டை நோக்கி மெல்லச் சாய்ந்து.

"இது கிட்டப் போகப் பாக்குது," என்றாள் அக்கா, ஒன்றைப் பார்த்துவிட்டு.

"போகும். ஆனா இந்த மூட்டைக்குள்ள போகாது."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"மேல் மூட்டை வரைக்கும்."

அவள் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மேசையில் அவற்றுக்கிடையே ஒரு சாண் கூட இல்லை.

கடைசிச் சிட்டிகையும் முடிந்த அன்று, மத்தியானம், மடிக்கணினியில் அட்டவணையைத் திறந்தேன். மேல்: புது எலி, எண்ணிக்கை. மற்றது: புது எலி, எண்ணிக்கை. கீழ், புது எலி என்ற கட்டத்தில் கொஞ்சநாள் பெருமையோடு நின்ற ஒன்றை அழித்தேன். வெறுமையாக விட முடியாது. தேடவில்லை என்றால்தான் வெறுமை. தேடிப் பார்த்தோம், மணி மணியாய், இரண்டு பேர். அதனால் பூச்சியம் போட்டேன்.

போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சியத்துக்குள் ஆறு ஓடுகிறது. களி படிகிறது. மூன்று விரல் குதிரை இன்னும் அமெரிக்காவில்தான் நிற்கிறது, இந்தப் பக்கத்துப் புல்லை அது கண்டதில்லை. ஏதோ ஒரு புதருக்குக் கீழே பழைய எலி ஒன்று விதை கொறிக்கிறது, ஒரு பக்கத்துப் பல் தேயத் தேய. மூன்று மேடும் கைகோர்த்த எலி உலகத்தில் எங்கேயும் இல்லை. இன்னும் வரவில்லை.

அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள் பொறுக்கினதுக்கு முட்டையா?"

"ஓம்," என்றேன். "சேவ் பண்ணிட்டன்."